ஈசினோஃபிலின் சாவும் உட்சுவரின் சாவும்

ஆஸ்துமா இழுப்பு அடங்காமலேயே இறந்துபோனவர்களின் நுரையீரலைப் பரிசோதித்த மருத்துவர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஏறக்குறைய ஒரே காட்சியைத்தான் எழுதிவந்திருக்கிறார்கள். நெஞ்சைத் திறந்ததும் சுருங்கவேண்டிய நுரையீரல் சுருங்காமல் உப்பியே நிற்கும். குறுக்கே வெட்டினால், சிறிய, நடுத்தர மூச்சுக்குழாய்களின் வாயில் கெட்டிச் சளி துருத்திக்கொண்டிருக்கும். 1960-இல் டன்னில் என்ற பிரிட்டிஷ் நோய்க்குறியியல் மருத்துவர் இந்த அடைப்புகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்து விரிவாக எழுதினார். சளிக்குள் இரண்டு வகைச் செல்கள் குவிந்து கிடந்தன. ஒன்று, ரத்தத்தின் வழியாக வந்து சேர்ந்த ஈசினோஃபில். மற்றது, மூச்சுக்குழாயின் உட்சுவரிலிருந்தே பெயர்ந்து விழுந்த செல்கள். தனித்தனியாகவும் கொத்துக் கொத்தாகவும்.

ஒரே சளிக்குள் கிடந்தாலும் இந்த இரண்டு சாவுகளும் ஒன்றல்ல. ஈசினோஃபில் உரிய நேரத்தில் சாகாததால் ஆஸ்துமா நீடிக்கிறது. உட்சுவர்ச் செல் அகாலத்தில் சாவதால் ஆஸ்துமா நீடிக்கிறது. ஆய்வுகளைப் புரட்டும் யாருக்கும் முதலில் கிடைக்கும் சித்திரம் இதுதான். அழகான சித்திரம், ஆனால் பாதிதான் சரி. இரண்டையும் அருகருகே வைத்து உற்றுப் பார்த்தால், யார் சாகிறார் என்பதைவிட எப்படிச் சாகிறார், பிணத்தை யார் அப்புறப்படுத்துகிறார் என்பவையே நோயின் போக்கைத் தீர்மானிக்கின்றன என்று படுகிறது.

ஈசினோஃபிலிலிருந்து தொடங்கலாம். ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தை ஆவலோடு உறிஞ்சிக்கொள்ளும் இந்த வெள்ளணுவை 1879-இல் பால் எர்லிக் அடையாளம் காட்டினார். தமிழ்நாட்டில் இதற்கு அறிமுகமே தேவையில்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு ‘ஈஸ்னோபீலியா இருக்கு’ என்று சொல்லாத குடும்ப மருத்துவர் ஒரு காலத்தில் இருந்திருக்கமாட்டார். அதற்குக் காரணமும் உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு அருகே, ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் பணியாற்றிய ஃப்ரிமோட்-மோல்லரும் பார்ட்டனும் 1940-இல் காசநோய் போலவே தோன்றி, ஆனால் ஈசினோஃபில் மிகுந்து காணப்பட்ட ஒரு நோயை விவரித்தார்கள். யானைக்கால் புழுவின் நுண்குஞ்சுகளால் வருவது அது என்று பின்னர் தெரிந்தது. அந்த நோயும் ஆஸ்துமாவும் வேறு வேறு. ஆனாலும் இருமல், இளைப்பு, ஈசினோஃபில் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்க்கும் பழக்கம் நம்மூரில் அப்படியே நின்றுவிட்டது.

எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் ஈசினோஃபில் ரத்தத்தில் ஒரு நாளுக்கும் குறைவாகவே சுற்றுகிறது. திசுவுக்குள் புகுந்தபின் சில நாட்கள். சோதனைக் குழாயில் தனியாக விட்டாலும் சில நாட்களில் தானாகவே செத்துப்போகும். வெளியிலிருந்து யாரும் கொல்லவேண்டியதில்லை. அதற்குள் அந்தக் கட்டளை எழுதப்பட்டே இருக்கிறது. அதே குழாயில் ஐஎல்-5 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சேர்த்தால் கதை மாறுகிறது, இரண்டு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கும். ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாய்ச் சுவரில் ஐஎல்-5 தாராளமாகச் சுரக்கிறது. ஆக, அங்கே ஈசினோஃபில் கூடுவதற்கு இரண்டு காரணங்கள்: வரவு அதிகம், சாவு குறைவு. பல காலம் முதலாவதை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள்.

கட்டளைப்படி நடக்கும் இந்த ஒழுங்கான சாவுக்கு அப்போப்டோசிஸ் என்று 1972-இல் கெர், வில்லி, கர்ரி ஆகிய மூவர் பெயரிட்டார்கள். ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் உருவான கட்டுரை அது. செல் சுருங்கும், டிஎன்ஏ துண்டுதுண்டாக வெட்டப்படும், ஆனால் வெளிச்சவ்வு கடைசிவரை கிழியாது. சவ்வின் உட்பக்கம் மட்டுமே இருக்கவேண்டிய ஃபாஸ்ஃபாடிடில்செரின் என்ற கொழுப்பு வெளிப்பக்கம் திரும்பும். ‘என்னை எடுத்துக்கொள்ளலாம்’ என்று மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்களுக்கு அறிவிக்கும் அடையாளம் அது. அவை வந்து அப்படியே விழுங்கிவிடும். வாடகை வீட்டைக் காலி செய்பவர் கேஸ் சிலிண்டரை மூடி, மெயினை அணைத்து, சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போவதைப் போன்றது அப்போப்டோசிஸ். நெக்ரோசிஸ் என்பது சிலிண்டர் வெடித்து வீடு இடிவது. இரண்டிலும் வீடு காலிதான்.

ஈசினோஃபிலுக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. அதற்கல்ல, அதைச் சுற்றியிருப்பவர்களுக்கு. அதன் துகள்களுக்குள் புழுக்களைக் கொல்லும் புரதங்கள் அடைத்துவைக்கப்பட்டிருக்கின்றன. அவை புழுவுக்கு மட்டும் விஷம் அல்ல. ஒழுங்காகச் செத்தால் அந்த விஷம் மேக்ரோபேஜின் வயிற்றுக்குள் செரிக்கப்படும். 1996-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நோயாளிகளிடமே காட்டியது. ஆஸ்துமா முற்றியவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்து, முன்னும் பின்னும் அவர்களின் சளியைச் சாயமேற்றிப் பார்த்தார்கள். மூச்சு சீராகச் சீராக, அப்போப்டோசிஸ் அடைந்த ஈசினோஃபில்களின் விகிதம் ஏறியிருந்தது. அப்படிச் செத்த செல்லில், இரண்டு மடலாகப் பிரிந்திருக்கவேண்டிய உட்கரு உருண்டையாகி, கறுத்த ஒற்றைப் பந்தாக இறுகியிருக்கும். அதைச் சுற்றிய சிவப்பு மட்டும் மாறாமல் இருக்கும். ஈசினோஃபிலின் சரக்கு மேக்ரோபேஜ்களுக்குள்ளும் தென்பட்டது. குணமாவது எப்படி இருக்கும் என்று செல் அளவில் பார்க்கக் கிடைத்த அரிய காட்சிகளில் ஒன்று அது.

ஸ்டீராய்டின் வேலையில் பாதியேனும் இதுதான் என்று சொல்லலாம். அது ஈசினோஃபிலைச் சாகவைக்கிறது. ஐஎல்-5 சுரப்பையும் குறைத்து, உயிர்நீட்டிப்பைப் பறிக்கிறது. விசித்திரம் என்னவென்றால், அதே ஸ்டீராய்டு நியூட்ரோஃபில் என்ற மற்றொரு வெள்ளணுவின் ஆயுளை நீட்டிக்கிறது. இதுவும் 1996-இல் சோதனைக்கூடத்தில் உறுதியான செய்தி. சளியில் நியூட்ரோஃபில் மிகுந்த ஆஸ்துமாக்காரர்களிடம் மாத்திரையின் அளவைக் கூட்டினாலும் போதிய பலன் கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இங்கே ஓர் எதிர்க்குரலைப் பதிவு செய்யவேண்டும். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் பெர்ஸன் நெடுங்காலமாகக் கேட்டுவந்தது இது: உயிரோடிருக்கும் மனிதரின் மூச்சுக்குழாய்ச் சுவரைக் கிள்ளியெடுத்துப் பார்த்தால் அப்போப்டோசிஸ் அடைந்த ஈசினோஃபில் கண்ணில் படுவதே அபூர்வமாயிற்றே, எங்கே போயின? அவர் பதில்: அவை சுவருக்குள் சாவதில்லை. சுவரைக் கடந்து குழாயின் உட்பகுதிக்கு வந்து, சளியோடு மேலேறி வெளியேறிவிடுகின்றன. சோதனைக் குழாயில் கண்டதை உடலுக்குள் ஏற்றிப் பார்க்கிறீர்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. எனக்கு இது வலுவான கேள்வியாகவே தோன்றுகிறது. ஆனால் சளியைப் பார்த்தவர்களின் முடிவோடு இது முரண்படவில்லை. சளி என்பது சுவருக்கு வெளியே இருக்கும் இடம். சாவு அங்கே நடக்கிறது என்றால் இரு தரப்பும் ஒரே விஷயத்தின் இரு முனைகளைப் பிடித்திருக்கிறார்கள்.

பெர்ஸனும் அவர் சகாக்களும் வற்புறுத்திய இன்னொன்று, ஈசினோஃபிலின் மற்றொரு சாவு. செல் வெடித்து, துகள்கள் முழுசாகவே வெளியே சிதறும் சைட்டோலிசிஸ். இதன் தடயம் உண்மையில் மருத்துவத்துக்கு மிகப் பழக்கமானது. 1872-இல் எர்ன்ஸ்ட் லெய்டன் ஆஸ்துமாக்காரர்களின் சளியில் இரண்டு முனையும் கூர்ந்த, ஊசி போன்ற நிறமற்ற படிகங்களைக் கண்டார். அதற்கு முன்பே ஷார்க்கோ வேறு நோயாளிகளிடம் அவற்றைப் பார்த்திருந்ததால் ஷார்க்கோ-லெய்டன் படிகங்கள் என்று இருவர் பெயரும் ஒட்டிக்கொண்டது. நூறாண்டுக்கும் மேலாக அவை வெறும் அடையாளம். ஈசினோஃபில் இங்கே இருந்தது என்று சொல்லும் குப்பை. அந்தக் குப்பைக்கே குணம் உண்டு என்பது அண்மையில்தான் தெரிந்தது. ஜப்பானின் அகிதா பல்கலைக்கழகத்தின் ஷிகெஹாரு உயெகி குழு 2018-இல், ஈசினோஃபில் தன் டிஎன்ஏவை வலையாக வெளியே வீசிவிட்டு வெடித்துச் சாகும்போது கலெக்டின்-10 என்ற புரதம் கொட்டி இந்தப் படிகங்களாக உறைகிறது என்று காட்டியது. மறு ஆண்டே பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வாளர்கள் படிகங்களை எலிகளின் மூச்சுக்குழாயில் விட்டுப் பார்த்தார்கள். அழற்சி கிளம்பியது. அதே புரதத்தைப் படிகமாகாத வடிவில் விட்டபோது கிளம்பவில்லை. படிகத்தைக் கரைக்கும் எதிர்ப்புரதங்களையும் அவர்கள் உருவாக்கினார்கள். நோயாளியின் சளியிலேயே படிகம் கரைந்தது.

ஆகவே, ஈசினோஃபில் செத்தால் நல்லது என்று ஒற்றை வரியில் எழுதிவிட முடியாது. ஒழுங்காகச் செத்தால் மருந்து, வெடித்துச் செத்தால் நோய்.

இனி உட்சுவர். மூச்சுக்குழாயின் உட்பரப்பை மூடியிருப்பவை நுண்ணிழைச் செல்கள், சளி சுரக்கும் செல்கள், இவற்றுக்கு அடியில் தாங்கிநின்று தேவைப்படும்போது பிரிந்து புதிய செல்களைத் தரும் அடிச்செல்கள். ஈசினோஃபிலுக்கு நேர்மாறாக, இவை நிலைக்குடிகள். சாதாரண நாட்களில் மெதுவாகவே புதுப்பிக்கப்படுகின்றன. 1962-இல் பெர்னார்ட் நெய்லர் ஆஸ்துமாக்காரர்களின் சளியில் இச்செல்கள் பெரிய கொத்துகளாகக் கிடப்பதை விவரித்தார். கொத்தின் விளிம்பில் நுண்ணிழைகள் வரிசையாக ஒட்டிக்கொண்டே இருக்கும். அனுபவமில்லாத கண்ணுக்கு முதல் பார்வையில் புற்றுநோய்ச் செல் கூட்டமோ என்று தோன்றும். கிரியோலா உருக்கள் என்ற பெயரில் அவை பாடநூல்களில் ஏறின.

இதிலும் ஒரு வழக்கு நடந்தது. மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுக் கிள்ளியெடுத்த திசுவில் உட்சுவர் உரிந்திருப்பதைக் கண்டு, இதுதான் ஆஸ்துமா என்று பலர் எழுதினார்கள். கிள்ளியதாலேயே உரிந்ததோ? சான்ஃபிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 2000-இல் நலமாக இருப்பவர்களின் திசுவையும் அதே முறையில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரு சாராரிடமும் உரிவு ஒத்தே இருந்தது. லேசான ஆஸ்துமாவில் கிள்ளிய திசுவின் உரிவைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் யாரும் கிள்ளாமல் நோயாளி தானே இருமித் துப்பிய சளியில் கிடக்கும் கொத்துக்கும், டன்னில் பார்த்த அடைப்புக்கும் அந்த விளக்கம் பொருந்தாது. இழுப்பு முற்றும் நாட்களில் சுவர் உண்மையிலேயே கொட்டுகிறது.

கொட்டினால் என்ன? ஓட்டை விழும், தூசி உள்ளே போகும் என்பது பழைய பதில். அது போதாது. இங்கேதான் இரண்டு சாவுகளும் அடிப்படையில் பிரிகின்றன. ஈசினோஃபில் தனக்குள் வைத்திருப்பது விஷம். உட்சுவர்ச் செல் வைத்திருப்பது தகவல். 2005-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஐஎல்-33 என்ற புரதம் இச்செல்களின் உட்கருவுக்குள்ளேயே டிஎன்ஏவை ஒட்டிப் பதுங்கியிருக்கிறது. செல் உடைந்தால் வெளியே கொட்டும். கொட்டியதும் அருகிலிருக்கும் ஐஎல்சி2, மாஸ்ட் ஆகிய நோயெதிர்ப்புச் செல்கள் விழித்துக்கொள்ளும். ஐஎல்சி2 சுரக்கும் முதன்மையான பொருள்களில் ஒன்று ஐஎல்-5. ஈசினோஃபிலின் ஆயுளை நீட்டிக்கும் அதே ஐஎல்-5! உட்சுவர்ச் செல் ஒன்று அகாலமாகச் சாகும்போது, ஈசினோஃபில் பல சாகாமல் நிற்கின்றன. இரண்டு சாவுகளையும் கட்டியிருக்கும் கயிறு இதுதான். இந்த ஒப்பாய்வில் வேறெதையும் மறந்தாலும் இதை மறக்கக்கூடாது.

ஐஎல்-33-க்கு ஒரு பாதுகாப்புப் பூட்டும் இருக்கிறது. செல் அப்போப்டோசிஸ் வழியில் சாகும்போது காஸ்பேஸ்-3, காஸ்பேஸ்-7 என்ற நொதிகள் ஐஎல்-33-ஐ முக்கியமான இடத்தில் வெட்டிச் செயலற்றதாக்கிவிடுகின்றன. 2009-இல் இது தெரியவந்தது. ஒழுங்காகச் சாகிற செல், அபாயச் சங்கை அறுத்துவிட்டே சாகிறது. ஆஸ்துமாவைத் தூண்டும் வீட்டுத் தூசிப் பேன், கரப்பான், சிலவகைப் பூஞ்சை இவற்றின் நொதிகளும் ஐஎல்-33-ஐ வெட்டுகின்றன. ஆனால் வேறோர் இடத்தில். 2018-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டியபடி, அந்த வெட்டு அதைச் சாகடிக்காமல் பன்மடங்கு கூர்மையாக்குகிறது. வெட்டு ஒன்றுதான், வெட்டும் இடம் மாறினால் விளைவு தலைகீழ். ஒவ்வாமைப் பொருள் என்று நாம் சொல்பவற்றில் இத்தனைக்கு வெட்டும் நொதி இருப்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன்.

மரபணுவும் இதே பக்கம் கைகாட்டுகிறது. குழந்தைப் பருவ ஆஸ்துமாவோடு மிக உறுதியாகப் பிணைந்த மரபணுப் பகுதி 17-ஆம் குரோமோசோமில் இருப்பதாக 2007-இல் தெரியவந்தது. அந்தப் பகுதியில் உள்ள மரபணுக்களில் ஒன்று கேஸ்டெர்மின்-பி. கேஸ்டெர்மின் குடும்பத்தின் தொழிலே சவ்வில் துளைபோட்டுச் செல்லை வெடிக்கவைப்பது, பைரோப்டோசிஸ் என்பார்கள். ஆஸ்துமாவிலிருந்து ஓரளவு காப்பதாகக் கணக்கில் வந்த ஒரு மரபணு மாற்றத்தை 2018-இல் சோதித்தபோது, அந்த வடிவத்தால் துளைபோட முடியவில்லை. மூச்சுக்குழாய்ச் செல் வெடித்துச் சாகும் வசதி குறைந்தவருக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பும் குறைவு. எலியில் செய்த சோதனைகள் எத்தனை இருந்தாலும், மனித மரபணு இப்படிச் சாட்சி சொல்வது தனி கனம்.

அப்படியானால் உட்சுவர்ச் செல் சாகவே கூடாதா? அதுவும் இல்லை. ஜலதோஷத்தை உண்டாக்கும் ரைனோவைரஸ்தான் ஆஸ்துமா முற்றுவதற்குப் பெருங்காரணம். நலமானவரின் உட்சுவர்ச் செல்லுக்குள் வைரஸ் புகுந்தால் அது சீக்கிரமே அப்போப்டோசிஸில் இறங்கி, வைரஸ் பெருகுவதற்குள் தன்னை முடித்துக்கொள்கிறது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் நடந்த ஆய்வு 2005-இல் காட்டியது: ஆஸ்துமாக்காரரின் செல்லில் இந்த முதற்கட்டச் சாவு மந்தம், வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான்-பீட்டா சுரப்பும் குறைவு. செல் சாகாமல் நிற்கிறது, உள்ளே வைரஸ் பெருகுகிறது, கடைசியில் வெடிக்கிறது. அதே சவுத்தாம்ப்டனில் மூன்று ஆண்டு முன்பு, ஆஸ்துமாக்காரரின் உட்சுவர்ச் செல்கள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்கு மற்றவர்களுடையதைவிட எளிதில் பலியாகின்றன என்றும் கண்டிருந்தார்கள். சாகவேண்டிய நேரத்தில் சாகாது, சாகக்கூடாத நேரத்தில் சாகும். ஈசினோஃபிலுக்கு நாம் வைத்த குற்றச்சாட்டு சொல் மாறாமல் உட்சுவருக்கும் பொருந்துகிறது.

பிணத்தை எடுப்பவர் யார் என்ற கேள்விக்கு வருவோம். செத்த செல்லை விழுங்கும் மேக்ரோபேஜ் சும்மா இருப்பதில்லை. புரோஸ்டாகிளாண்டின் ஈ2, டிஜிஎஃப்-பீட்டா போன்ற, அழற்சியைத் தணிக்கும் பொருள்களைச் சுரக்கிறது. அமைதி என்பது அழற்சி ஓய்ந்ததால் வருவது மட்டுமல்ல. விழுங்கும் செயலே அதை உண்டாக்குகிறது. கடும் ஆஸ்துமாக்காரர்களின் நுரையீரல் மேக்ரோபேஜ்களுக்கு இந்த விழுங்கும் திறன் குன்றியிருப்பதை 2005-இல் கண்டார்கள். விழுங்கப்படாமல் தாமதமானால், ஒழுங்காகச் செத்த செல்லும் நாளடைவில் கிழிந்துபோகும். பிறகு அப்போப்டோசிஸ் என்ன, நெக்ரோசிஸ் என்ன.

இதில் உட்சுவருக்கு ஈசினோஃபிலுக்கு இல்லாத இன்னொரு பாத்திரம் உண்டு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ரவிச்சந்திரன் குழு 2013-இல் காட்டியபடி, மூச்சுக்குழாயின் உட்சுவர்ச் செல்லே தன் அருகில் செத்த செல்லை விழுங்குகிறது. அதற்குத் தேவையான ராக்1 என்ற புரதத்தை எலியின் உட்சுவரில் மட்டும் நீக்கிவிட்டுத் தூசிப் பேனைக் காட்டியபோது ஐஎல்-33 கூடியது, அழற்சியைத் தணிக்கும் ஐஎல்-10 குறைந்தது, அழற்சி எகிறியது. ஐஎல்-10-ஐ வெளியிலிருந்து கொடுத்ததும் தணிந்தது. சாகிறவரும் எடுக்கிறவரும் ஒரே குடும்பம். எடுக்கிறவர் தொகையே சரிந்தால் சுவர் இரட்டை நட்டத்தில் விழுகிறது.

இரு சாவுகளும் மோதும் இடம் ஒன்றும் உண்டு. மேயோ கிளினிக்கில் ஜெரால்ட் கிளைக் ஈசினோஃபிலின் முதன்மைத் துகள் புரதத்தைப் பிரித்தெடுத்து, 1980-இல் கினிப் பன்றியின் மூச்சுக்குழாய் உட்சுவர் மீது விட்டார். சுவர் உரிந்தது, நுண்ணிழைகள் நின்றன. ஆஸ்துமாவில் இறந்தவர்களின் மூச்சுக்குழாயில் உரிந்த இடங்களில் அதே புரதம் படிந்திருப்பதை இரண்டு ஆண்டு கழித்து அவர் குழு ஒளிரும் சாயத்தால் காட்டியது. வெடித்த ஈசினோஃபில் உட்சுவரைக் கொல்கிறது. செத்த உட்சுவர் ஐஎல்-33 வழியாக ஈசினோஃபிலை வாழவைக்கிறது. இந்தச் சுழலில் எது முதல் என்று கேட்பதில் பயன் அதிகம் இல்லை என்று 2024 வரை பலர் நினைத்திருக்கக்கூடும்.

அந்த ஆண்டு லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஜோடி ரோஸன்பிளாட் குழு வெளியிட்ட ஆய்வு சுழலுக்குள் மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்தது: வெறும் நெருக்கம். உட்சுவர்ச் செல்கள் அளவுக்கு மீறி நெருங்கினால் சுவர் சில செல்களை உயிரோடேயே பிதுக்கி வெளியே தள்ளிவிடும். அவை பிறகுதான் சாகும். சாதாரணமாக இது எண்ணிக்கையைச் சமன்செய்யும் நல்ல பழக்கம். ஆனால் இழுப்பின்போது குழாயைச் சுற்றிய தசை இறுகும். குழாயின் விட்டம் சுருங்கும். உள்ளே அத்தனை செல்களும் நசுங்கும். எலியின் நுரையீரலிலும் மனித நுரையீரல் சீவல்களிலும் தசையை இறுக்கிப் பார்த்தபோது செல்கள் கூட்டமாகப் பிதுங்கி விழுந்தன. நீல இன்ஹேலரில் இருக்கும் சல்பியூட்டமாலைக் கொடுத்தபோது குழாய் திறந்தது. ஆனால் செல் கொட்டுவதும் அதைத் தொடர்ந்த அழற்சியும் நிற்கவில்லை. காடோலினியம் என்ற உலோக உப்பு பிதுங்கலைத் தடுத்தது. அதை மனிதருக்கு மருந்தாகக் கொடுக்க முடியாது, வழி இருக்கிறது என்று காட்டியதோடு சரி. 2011-இலேயே சவுத்தாம்ப்டனில், ஒவ்வாமையே இல்லாமல் மெத்தக்கோலின் கொடுத்துக் குழாயை மட்டும் திரும்பத் திரும்பச் சுருக்கியபோது நோயாளிகளின் உட்சுவரடியில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் தடித்ததைக் கண்டிருந்தார்கள். அப்போது விளங்காமல் நின்ற முடிவு, இப்போது செல்களின் நெருக்கத்தோடு சேர்த்துப் படிக்கக் கிடைக்கிறது.

ஈசினோஃபிலுக்கு இந்த இயந்திரச் சாவு கிடையாது. அதன் ஆயுளைத் தீர்மானிப்பவை வேதிச் செய்திகள். சுவருக்கோ ஓர் அழுத்து போதும். வீசிங் வந்ததும் நீல இன்ஹேலரை மட்டும் இழுத்துச் சமாளித்துவிடும் வழக்கத்தின் ஆபத்து இதிலிருந்து ஓரளவு புலப்படும். உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜீனா 2019-இல், பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சல்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுக்கவேண்டாம், இழுக்கும் ஸ்டீராய்டும் கூடவே வேண்டும் என்று மாற்றியது வேறு ஆய்வுகளின் அடிப்படையில். ஆனால் செல் அளவிலான காரணம் இப்போது துலங்குகிறது.

மருந்து வரலாற்றில் இரு சாவுகளுக்கும் கிடைத்த கவனம் சமமே இல்லை. ஈசினோஃபிலை ஒழிப்பதில்தான் பணமும் உழைப்பும் கொட்டின. ஐஎல்-5-ஐத் தடுக்கும் மருந்தை 2000-இல் லேசான ஆஸ்துமாக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். ஈசினோஃபில் குறைந்தது, மூச்சுக்குழாயின் மிகை எதிர்வினை குறையவில்லை. ஈசினோஃபில் கதை முடிந்தது என்று சிலர் எழுதியும்விட்டார்கள். ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுக்காததுதான் தவறு. சளியில் ஈசினோஃபில் மிகுந்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து 2009-இல் பிரிட்டனிலும், கனடாவின் மெக்மாஸ்டரில் பரமேஸ்வரன் நாயரும் சோதித்தபோது, திடீர் முற்றல்கள் கணிசமாகக் குறைந்தன. மெப்போலிசுமாப் என்ற அந்த மருந்து 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2017-இல் வந்த பென்ராலிசுமாப் இன்னும் நேரடி: ஈசினோஃபிலின் மேல் உள்ள ஐஎல்-5 ஏற்பியில் ஒட்டிக்கொண்டு, இயற்கைக் கொல்லிச் செல்களைக் கூப்பிட்டு அப்போப்டோசிஸில் முடிக்கிறது. 2024-இல் வெளியான சோதனையில், ஆஸ்துமாவோ நாள்பட்ட நுரையீரல் அடைப்போ முற்றி வந்த, ஈசினோஃபில் மிகுந்த 158 பேரில், பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் 74 விழுக்காட்டினருக்கு 90 நாளில் சிகிச்சை தோற்றது; பென்ராலிசுமாப் ஊசி பெற்றவர்களில் 45 விழுக்காடு. முற்றலின் நடுவிலேயே ஈசினோஃபிலை ஒழுங்காகச் சாகவைப்பது பலனளிக்கிறது என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டியதில்லை. நூற்றுக்கு 45 பேருக்கு ஏன் தோற்றது என்பதற்கு அந்த ஊசியால் பதில் சொல்ல முடியாது.

உட்சுவரின் பக்கம் கிடைத்தவை குறைவு. சுவர் எழுப்பும் அபாயக் குரல்களில் ஒன்றான டிஎஸ்எல்பி-யை அடக்கும் டெசெபெலுமாப் 2021 இறுதியில் அனுமதி பெற்றது. ஐஎல்-33-ஐத் தடுப்பவை நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டுவருகின்றன. இவை செய்தியை மறிக்கின்றன, சாவைத் தடுப்பதில்லை. ஸ்டீராய்டின் நிலை இங்கே குழப்பம். 1992-இல் லைட்டினன் தம்பதியரின் ஆய்வில், மூன்று மாதம் புடெசோனைடு என்ற ஸ்டீராய்டை இழுத்தவர்களிடம் நுண்ணிழைச் செல்கள் திரும்ப வளர்ந்திருந்தன. குழாயைத் திறக்கும் டெர்பியூட்டலின் மட்டும் இழுத்தவர்களிடம் அந்த அளவுக்கு இல்லை. 2001-இல் சோதனைக்கூடத் தட்டில் ஸ்டீராய்டே உட்சுவர்ச் செல்களை அப்போப்டோசிஸில் தள்ளியது. நோயாளியிடம் கண்டதையே நான் பெரிதாக எடுப்பேன். சுற்றியிருக்கும் நெருப்பு அணைவதால் சுவர் பெறும் லாபம், மருந்து நேரடியாகச் செய்யும் சிறு நட்டத்தைவிடப் பெரிது. ஆனால் வருடக்கணக்கில் அதிக அளவு தேவைப்படுகிறவருக்கும் இது பொருந்துமா என்பது வேறு கேள்வி.

சுவர் தன்னைத் தானே செப்பனிடும் வேகம் வியப்பானது. கினிப் பன்றியின் மூச்சுக்குழாயில் ஒரு கீற்றளவு உரித்துவிட்டால், ஓரத்துச் செல்கள் தட்டையாகி நிமிடங்களிலேயே ஊர்ந்து மூடத் தொடங்குகின்றன. ஆனால் ஒழுங்கான சாவுக்குப் பின் மேக்ரோபேஜ் சுரக்கும் அதே டிஜிஎஃப்-பீட்டா, அடியில் இருக்கும் நார்ச்செல்களிடம் கொலாஜன் போடச் சொல்கிறது. ஒருமுறை என்றால் ஆறுதல். வாரந்தோறும் என்றால் தடிப்பு. பிதுங்கி விழுவதும் மூடுவதும் மாறிமாறி நடக்கும் குழாயில் நல்ல சாவுக்கும் விலை இருக்கிறது. ஈசினோஃபில் செத்தால் அதன் இடம் காலியாகவே இருக்கலாம். சுவர்ச் செல் செத்தால் அந்த இடத்தை யாராவது நிரப்பியே ஆகவேண்டும்.

2002-இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் 74 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்குச் சளியில் ஈசினோஃபில் 3 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்படி மருந்தை ஏற்றி இறக்கினார்கள். அந்தப் பாதிக்குக் கடும் முற்றல்கள் வெகுவாகக் குறைந்தன. அன்றிலிருந்து அந்த எண்ணிக்கை சிறப்பு மையங்களில் மருந்தைத் தீர்மானிக்கிறது. அந்தச் சளிப் பரிசோதனை அறிக்கையில் மேக்ரோபேஜ், நியூட்ரோஃபில், ஈசினோஃபில், லிம்ஃபோசைட் விகிதங்களுக்குக் கீழே, மூச்சுக்குழாய் உட்சுவர்ச் செல் என்றும் ஒரு வரி இருக்கும். அதற்கும் ஒரு விழுக்காடு எழுதுகிறார்கள். அந்த எண்ணைப் பார்த்து மருந்தை மாற்றும் வழக்கம் இன்னும் வரவில்லை.